ஸ்ரீகலா டீச்சரின் கன்னத்தில் மணி ஆறு இருபத்தொன்று

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு இருபத்தொன்றுக்குச் சுயம்பு அடித்த ஃபிளாஷ் வியாழக்கிழமை காலை வரை அணையவில்லை. ஃபிளாஷ் என்னவோ அவன் பைக்குள்தான் இருந்தது. பேட்டரியைக்கூடக் கழற்றி வைத்திருந்தான். வெளிச்சம் மட்டும் ஸ்ரீகலா டீச்சரின் இடது கன்னத்திலேயே தங்கிவிட்டது. டீச்சருக்கு ஞாயிற்றுக்கிழமை காலை கல்யாணம்.

அவளுடைய அம்மா செண்பகவல்லி போன் செய்தாள்.

"தம்பி, அந்த லைட்ட வந்து எடுத்துட்டுப் போயிருங்க. இங்க கெடந்து எடஞ்சல் பண்ணுது."

"இப்பவே வாறேன்மா," என்றான் சுயம்பு.

அவன் நாகர்கோவிலில் பன்னிரண்டு வருஷமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறான். கல்யாணப் பெண்களைச் சாயங்காலம் கடற்கரைக்குக் கூட்டிப்போய், சூரியனை அவர்களுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுப்பான். அப்படி எடுத்தால் முகம் கறுத்துப்போகும். அதனால் முதலில் வானத்துக்கு ஏற்றபடி கேமராவை வைத்துக்கொள்வான். பிறகு ஃபிளாஷை ஒரு கம்பின் நுனியில் வெள்ளைக் குடையோடு சேர்த்துக் கட்டி, பெண்ணுக்கு இடப்பக்கம் தள்ளி, தலைக்கு மேலே கொஞ்சம் உயரத்தில் யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்வான். செவ்வாய்க்கிழமை சங்குத்துறைக் கடற்கரையில் கம்பைப் பிடித்தது செண்பகவல்லி. மாப்பிள்ளை ரெகுபதிக்குத் திருவனந்தபுரத்தில் லிஃப்ட் மெக்கானிக் வேலை. அன்று லீவு கிடைக்கவில்லை. அதனால் சுயம்பு வெளிச்சத்தை ஓர் ஆளுக்கு மட்டும் அளந்து வைத்திருந்தான்.

வீட்டுக்குப் போனபோது மணி பத்து. ஸ்ரீகலா முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், காலண்டர் மாட்டியிருக்க வேண்டிய இடத்தில், கடல் இருந்தது. கடலுக்கு ஒரு விரற்கடை மேலே சூரியன். பின்பக்கம் போய்ப் பார்த்தால் கடலும் இல்லை, சூரியனும் இல்லை, வெறும் டீச்சர்தான்.

சுயம்பு முதலில் அவள் கன்னத்தைப் பார்த்தான். மூக்கின் நிழல் எங்கே விழ வேண்டுமோ அங்கேயே விழுந்திருந்தது. நல்ல வேலை என்று நினைத்துக்கொண்டான். உடனே, வந்த இடத்தில் இப்படி நினைக்கிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது.

"இவ இருக்க எடத்துல எப்பவும் வெளக்கு வைக்கிற நேரமாட்டு இருக்கு," என்றாள் செண்பகவல்லி. "வீட்டத் தூக்க முடியல்ல. இவளுக்குத் தல சீவ முடியல்ல. பக்கத்து வீட்டுல பாலுக்கு ஒற ஊத்த மோர் கேட்டா, பொழுது சாஞ்சப்புறம் தரமாட்டோம்ங்கா. காலைல எட்டு மணிக்குச் சொல்லுகா தம்பி!"

"தூக்க" என்றால் அந்தப் பக்கத்தில் பெருக்க என்று அர்த்தம். பள்ளிக்கூடத்திலும் சிரமம்தான். புதன்கிழமை முதல் பீரியடில் டீச்சர் உள்ளே போனதும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். தலைமையாசிரியை அவளுடைய வகுப்புகளை எல்லாம் கடைசிப் பீரியடுக்கு மாற்றினார். புரோகிதர் பஞ்சாங்கத்தோடு வந்து பார்த்துவிட்டு, முகூர்த்தம் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு என்றும், பெண் இன்னும் செவ்வாய் சாயங்காலத்திலேயே இருப்பதால் அவளுக்கு ஒன்பது மணி வராது என்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஸ்ரீகலா நோட்டை மூடினாள்.

"எனக்கு இந்த வெளிச்சத்தால ஒண்ணும் இல்லண்ணே. பழகிப்போச்சு. ஆனா பக்கத்துல யாரு வந்து நின்னாலும் கறுத்துப்போறாங்க. நேத்து அவரு வந்தாரு. ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காந்து பேசினாரு. மொகமே தெரியல்ல."

சுயம்புவுக்கு அதுதான் மனதில் தைத்தது. ஓர் ஆளுக்கு அளந்த வெளிச்சத்தில் இரண்டாவது ஆள் எப்படித் தெரிவான்? கல்யாணமாகி நாற்பது வருஷம் பக்கத்தில் இருந்தாலும் தெரியமாட்டான்.

"நாளைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளையக் கூட்டிட்டு சங்குத்துறைக்கு வந்திருங்க டீச்சர்," என்றான். "அம்மாவும் வரணும்."

வெள்ளிக்கிழமை வானம் தெளிவாக இருந்தது. ரெகுபதி பேருந்திலிருந்து நேரே வந்து ஸ்ரீகலாவின் பக்கத்தில் நின்று, கறுத்துப்போனான். கைகளை எங்கே வைத்திருக்கிறான் என்று மட்டும் தெரிந்தது. கடலுக்கு மேலே இரண்டு சூரியன்கள் இருந்தன. டீச்சருடையது ஒரு விரற்கடை உயரத்தில் அசையாமல் நின்றது. மற்றது வழக்கம்போல இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே உயரத்துக்கு வரும்போது ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்தி ஃபிளாஷ் அடித்துவிட்டால், இறங்குகிற சூரியன் டீச்சருடையதையும் கூட்டிக்கொண்டு போய்விடும் என்பது சுயம்புவின் கணக்கு. அதற்கு அரை நிமிஷம்தான் கிடைக்கும்.

வெளிச்சம் இரண்டு பேருக்கும் பரவ வேண்டும் என்பதால், கம்பைப் பிடித்திருந்த செண்பகவல்லியைப் பத்தடி பின்னால் போகச் சொன்னான். ஃபிளாஷை முழுப் பலத்துக்குக் கூட்டினான். அந்த நேரம் பார்த்துக் கடல்காற்று குடைக்குள் புகுந்தது.

"தம்பி, எனக்க காலு தரையில இல்ல!"

சுயம்பு திரும்பிப் பார்த்தான். செண்பகவல்லி ஒரு முழம் மேலே நின்றுகொண்டிருந்தாள். கம்பை விடவில்லை.

"உயரம் இப்பத்தான் சரியா இருக்கு அம்மா. அப்படியே இருங்க. டீச்சர், ஓரடி வலப்பக்கம். இன்னும் கொஞ்சம். மாப்பிள்ளை, அவங்க கூடவே நகருங்க."

ஸ்ரீகலா நகர, அவளுடைய சூரியனும் நகர்ந்து, டப்பாவில் மூடி உட்காருவதுபோல மற்றதன் மேல் போய் உட்கார்ந்தது. சுயம்பு அடித்தான்.

ரெகுபதியின் முகம் தெரிந்தது. மோவாயில் காலையில் சவரம் செய்தபோது பட்ட சின்ன வெட்டு இருந்தது. ஸ்ரீகலா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீசைய எடுத்துட்டீங்களா?"

"பொண்ணு பாக்க வந்த மறுநாளே எடுத்தாச்சு," என்றான் ரெகுபதி. "புதன்கிழமையும் இல்ல."

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் அவள்.

ஒன்றாகிவிட்ட சூரியன் கடலுக்குள் இறங்கத் தொடங்கியது. கடைசிச் சிவப்பும் தண்ணீருக்குள் போனதும் ஸ்ரீகலாவின் கன்னம் மற்றவர்களுடைய கன்னத்தைப் போலவே மங்கியது. அவளுக்குச் செவ்வாய்க்கிழமை அப்போதுதான் முடிந்தது. செண்பகவல்லி மெதுவாகத் தரையிறங்கி, கம்பை மணலில் ஊன்றிவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"பசிக்குது அம்மா," என்றாள் ஸ்ரீகலா. விளக்கு வைக்கும் நேரத்தில் சாப்பிடக்கூடாது என்று மூன்று நாளாக அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கடற்கரைக் கடையில் ஆறு பழம்பொரி தின்றாள். ரெகுபதி தன்னுடையதிலும் பாதியை அவளுக்குக் கொடுத்தான். இருட்டில் அவன் முகம் லேசாகத் தெரிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் வந்தது. தாலி கட்டுவதைச் சுயம்பு மண்டபத்தின் டியூப்லைட் வெளிச்சத்திலேயே எடுத்தான். ஃபிளாஷைப் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஸ்டூடியோவைத் திறந்தபோது வாசலில் ஓர் அம்மாள் தன் வீட்டு முற்றத்து மழையைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். மகன் மஸ்கட்டில் அதற்கு விசா ஏற்பாடு செய்திருந்தான். பாஸ்போர்ட் சைஸில் எட்டுப் படம் வேண்டும். சுயம்பு மழையை உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தான். விளக்கை அரையடி நகர்த்தினான்.

"ரெண்டு காதும் தெரியணும்," என்றான். "தோளக் கொஞ்சம் எறக்குங்க."

மழை தோளை இறக்கியது.