பின்னால் வருகிறவன்

ஜூபலைக் குதிரையிலிருந்து இறக்கும்போது அவனுடைய முழுப் பாரமும் லவீனாவின் தோளில் விழுந்தது. தாயும் பிள்ளையுமாகச் சரிந்து பாறையோரத்து நிழலில் உட்கார்ந்தார்கள். அவன் உடம்பு கொதித்தது. அவளுடைய உள்பாவாடையைக் கிழித்து அவன் விலாவில் கட்டியிருந்த துணி ரத்தம் காய்ந்து மரப்பட்டை மாதிரி விறைத்திருந்தது.

"அம்மா, அவன் வர்றானா?"

அவள் எழுந்து பாறையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியைப் பார்த்தாள். வெயிலில் தரை நீராகி அலைந்தது. தூண் கள்ளிகள் இடுப்பளவு தண்ணீரில் நிற்பதுபோல ஒரு தோற்றம். அவற்றுக்கு நடுவே அந்தச் சாம்பல் குதிரை வந்துகொண்டிருந்தது. மேலே ஆள். தொப்பி முகத்தில் இறங்கியிருந்தது.

"வர்றான்" என்றாள்.

"நின்னு நிதானமாத்தானே வர்றான்?"

"ஆமா."

"கஞ்சன். நம்ம மேல ஒரு குண்டக்கூட வீணாக்க மாட்டான். வெயிலே கொன்னுடட்டும்னு பாக்குறான்." ஜூபல் சிரிக்கப் பார்த்தான். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. "போன கிறிஸ்துமஸுக்கு ஒரு புட்டி விஸ்கி குடுத்தானே, ஞாபகம் இருக்கா? அதுல பாதி தண்ணி."

"பேசாதடா. நாக்கு வறண்டுடும்."

"இப்ப அந்தப் பாதி கெடச்சாப் போதும்மா."

ஆர்லன் மீக்ஸ் அவர்களுக்குப் பக்கத்துப் பண்ணைக்காரன். இரண்டு பண்ணைக்கும் பொதுவாக இருந்த ஊற்றைச் சுற்றி இந்தக் கோடையில் முள்கம்பி போட்டுவிட்டான். லவீனாவின் கன்றுகள் கம்பிக்கு வெளியே நாக்கைத் தள்ளிக்கொண்டு செத்தன. முந்தாநாள் காலையில் ஜூபல் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு கம்பியை வெட்டப் போனான். மீக்ஸ் அங்கே இருந்தான். மீக்ஸின் குண்டு ஜூபலின் விலாவில் பாய்ந்தது. ஜூபல் பெட்டைக் குதிரையின் கழுத்தோடு படுத்துத் தப்பி ஓடும்போது, திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாக ஒரு முறை சுட்டான்.

மீக்ஸிடம் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் விசாரித்துவிட்டுத் தூக்கில் போடுகிற ரகமில்லை. லவீனா கையில் கிடைத்த ரொட்டியையும் உப்புக்கண்டத்தையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, மகனைக் குதிரையில் ஏற்றித் தெற்கே புறப்பட்டுவிட்டாள். மெக்சிக்கோ எல்லைக்கு அந்தப் பக்கம் அவளுடைய அண்ணன் இருந்தான். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் பிள்ளை பிழைப்பான்.

அன்று மதியத்துக்குள் பின்னால் சாம்பல் குதிரை தெரிந்தது. அப்போதிலிருந்து அது விடவில்லை. இவர்கள் நின்றால் நெருங்கிவரும். நெருங்கியதும் இவர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடுவார்கள். அதனால் தீ மூட்டவில்லை, காயத்தைக் கழுவவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரு பாறைச்சுனை கிழக்கே ஒதுங்கி இருந்தது. அங்கே போய்வர நேரமில்லை. வழியில் இருந்த சுனைகளில் காய்ந்த சேறும் செத்த தேனீக்களும்தான் கிடந்தன. சாம்பல் குதிரையின் வாடை காற்றில் வரும்போதெல்லாம் அவர்களுடைய பெட்டைக் குதிரை கனைக்க வாயெடுக்கும். லவீனா ஓடிப்போய் அதன் மூக்கைப் பொத்துவாள்.

"ஒரு விதத்துல அவன் வர்றது நல்லதுதாம்மா" என்றான் ஜூபல்.

"என்னடா நல்லது?"

"சுட்டுட்டு நான் திரும்பிப் பாக்கல. வீடு வந்து சேர்ற வரைக்கும் அதே நெனப்புதான். ஒரு ஆளக் கொன்னுட்டோமோன்னு. அப்புறம் பின்னாடி அவன் வர்றதப் பாத்தேன் பாரு, அப்பத்தான் மூச்சே வந்துச்சு." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "தலைக்கு மேலதாம்மா சுட்டேன். பயமுறுத்தத்தான்."

லவீனா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இனி இவனைக் குதிரையில் ஏற்ற முடியாது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. காலியான தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு துப்பாக்கியை எடுத்தாள்.

"எங்க போற?"

"தண்ணி இருக்கான்னு பாத்துட்டு வர்றேன்."

"துப்பாக்கி எதுக்கு?"

"பாம்பு கெடக்கும்."

"அம்மா." அவன் அவளுடைய பாவாடை நுனியைப் பிடித்தான். பிடியில் பலமே இல்லை. "அவனச் சுட்றாத."

"கண்ண மூடிப் படு."

வந்த வழியே திரும்பி நடந்து, ஒரு கருவேல மரத்தடியில் குப்புறப் படுத்துக்கொண்டாள். மணல் வயிற்றைச் சுட்டது. இரண்டு நாளாகக் கழுகுகள் கூடவே வந்தன. மகனுக்காகத்தான் வருகின்றன என்று நினைத்து அவள் மேலே பார்ப்பதையே விட்டிருந்தாள். இப்போது பார்த்தாள். அவை பாறையின் மேல் சுற்றவில்லை. சாம்பல் குதிரைக்கு மேலேதான் சுற்றின.

மீக்ஸை அவளுக்கு நன்றாகத் தெரியும். புருஷன் செத்த அன்று பலகை கொண்டுவந்து பெட்டி அடித்துக் கொடுத்தவன் அவன்தான். ஆணி அடிக்கும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்துவிட்டு ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் போனான். அந்த மனுஷனின் நெஞ்சுக்குத்தான் இப்போது குறி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

குதிரை நெருங்கியது. அவள் எழுந்து நின்றாள்.

"அங்கயே நில்லு மீக்ஸ்!"

அவன் தலையைத் தூக்கவில்லை. குதிரைதான் காதை விடைத்தது. நடையை எட்டிப் போட்டது.

"நில்லுன்னு சொல்றேன்ல! என் புள்ள சாகக் கெடக்கான். நீ சுட்டதுலதான் கெடக்கான். அதுக்கு மேல உனக்கு என்னய்யா வேணும்? திரும்பிப் போயிடு. கெஞ்சிக் கேக்குறேன், போயிடு."

விரல் விசையில் இறுகியது. ஆனாலும் அவள் அழுத்தவில்லை. குதிரை நேரே வந்து, துப்பாக்கிக் குழலை ஒதுக்கிக்கொண்டு, தன் நெற்றியை அவள் தோளில் முட்டியது. அப்போதுதான் ஈக்களின் இரைச்சல் கேட்டது. பிறகு வாடை.

மீக்ஸ் தன் மாட்டுக்கயிற்றை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிச் சேணத்தோடு முடிந்திருந்தான். உயிரோடு இருக்கும்போது, விழுந்துவிடக் கூடாதென்று அவசரத்தில் போட்ட முடிச்சு. சட்டை மார்புக்குக் கீழே கறுத்துக் கட்டியாகியிருந்தது. துளை சின்னதுதான். முகத்தை அவள் ஒரு முறை பார்த்தாள், அவ்வளவுதான். இது இன்று நேற்று வந்த சாவில்லை. இவர்கள் புறப்பட்ட அன்றே, சாயங்காலத்துக்கு முன்பே, அவன் உயிர் போயிருக்க வேண்டும்.

சாம்பல் குதிரை அவள் கழுத்தை மோந்துகொண்டு நின்றது. அது பெட்டைக் குதிரையின் வயிற்றில் பிறந்தது. பிறக்கும்போது கால் மாட்டிக்கொண்டு, லவீனாதான் கையை விட்டு இழுத்துப் போட்டுச் சாக்கால் துடைத்தாள். பெரிதானதும் மீக்ஸ் வாங்கிக்கொண்டான். ஆள் செத்ததும் கடிவாளம் தளர்ந்திருக்கும். அது தன் தாய் போன வழியே வந்திருக்கிறது.

யாரும் துரத்தவில்லை. சுனைக்குப் போயிருக்கலாம். தீ மூட்டியிருக்கலாம். காயத்தைக் கழுவியிருக்கலாம்.

சேணத்தில் கம்பளி உறை போட்ட இரண்டு தகரக் குடுவைகள் தொங்கின. ஒன்றில் பாதி இருந்தது. இன்னொன்றின் தக்கை எடுக்கப்படவே இல்லை. அவள் நின்றபடியே குடித்தாள். குடிக்கும்போது அவன் பக்கம் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மீதியைத் தோல்பையில் ஊற்றிக்கொண்டாள். பிறகு மீக்ஸின் தலையிலிருந்து தொப்பியை எடுத்து, அதில் இரண்டு கை நீர் விட்டுக் குதிரைக்குக் காட்டினாள். குதிரையைக் கருவேலத்தில் கட்டிவிட்டு வேகமாக நடந்தாள். பாறை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து, மூச்சு நிதானப்படும்வரை நின்றாள்.

ஜூபலின் தலையை மடியில் வைத்துத் துளித்துளியாக வாயில் விட்டாள்.

"எங்கம்மா கெடச்சுது?"

"பாறைக் குழியில. கொஞ்சமா நின்னுச்சு."

அவன் விழுங்கினான். பாதி வழிந்தது. வழிந்ததை அவள் விரலால் தொட்டு அவன் இமைகளில் தடவினாள்.

"அவன்?"

லவீனா தலையைத் தூக்கி வடக்கே பார்த்தாள்.

"வர்றான்" என்றாள்.

"எங்க இருக்கான்?"

"கிட்டத்தான். மரத்தடியில குதிரைய இளைப்பாற விட்டிருக்கான்."

"கோவமா இருக்கானா?"

"மீக்ஸ் என்னைக்குடா கோவமில்லாம இருந்தான்?"

ஜூபல் சிரித்தான். சிரிப்பு விலாவைப் பிடித்து இழுத்தது. வலி அடங்கும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"வந்தான்னா சொல்லும்மா. வெட்டுன கம்பிய நானே திரும்பக் கட்டிக் குடுத்துடறேன்னு."

"சொல்றேன்."

"நல்லா உசரத்துலதான் சுட்டேன்."

"ஆமாண்டா."

"இன்னும் வர்றானா?"

"வர்றான்."

நிழல் நகர நகர அவளும் தன் முதுகை நகர்த்தி அவன் முகத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொண்டாள். அவன் மறுபடி கேட்டான். அவள் மறுபடி சொன்னாள். கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. அடுத்த முறை கேட்பான் என்று பதிலை நாக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் கேட்கவில்லை. ஒரு ஈ வந்து அவன் உதட்டில் உட்கார்ந்தது. அவள் ஓட்டினாள். அது மறுபடியும் வந்தது.

பொழுது சாயத் தொடங்கியபோது அவள் போய்ச் சாம்பல் குதிரையை நடத்திக்கொண்டு வந்தாள். பெட்டைக் குதிரை கனைத்தது. இப்போது அதன் மூக்கை யாரும் பொத்தவில்லை. இரண்டும் கழுத்தோடு கழுத்து சேர்த்துக்கொண்டன.

கயிற்றை அறுத்து மீக்ஸைக் கீழே இறக்கினாள். தரை சுண்ணாம்பாக இறுகிக் கிடந்தது. மண்வெட்டியும் இல்லை. அதனால் கல்லைத்தான் அடுக்க வேண்டும். முதலில் ஜூபலுக்கு மட்டும் என்று தொடங்கினாள். பாவாடையில் வாரிக்கொண்டு வந்து அவன் முழங்கால் வரை அடுக்கியபின், மீக்ஸ் கிடந்த பக்கம் பார்த்தாள். கழுகுகள் தரையில் இறங்கிச் சற்றுத் தள்ளி நடந்துகொண்டிருந்தன.

இரண்டு குவியலுக்கு அவள் உடம்பில் தெம்பு இல்லை.

வெகுநேரம் நின்றாள். பிறகு மீக்ஸின் கைகளுக்கடியில் கையைக் கொடுத்து இழுத்து வந்து மகனுக்குப் பக்கத்தில் கிடத்தினாள். அவன் முகத்தைத் தொப்பியால் மூடினாள். கற்களைப் பரப்பி இருவருக்கும் சேர்த்து அடுக்கலானாள். மகனின் முகத்தைக் கடைசியில் மூடினாள்.

மீக்ஸ் நெட்டை. எல்லாம் அடுக்கி முடித்த பிறகும் அவன் பூட்ஸ் நுனி இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சுற்றிலும் தேடினாள். அருகில் இருந்த கற்கள் தீர்ந்துவிட்டன. பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, கொஞ்சம் தள்ளித் தெரிந்த சரிவை நோக்கி நடந்தாள்.