ரத்தம் நன்றாகத்தான் இருந்தது

சாவித்ரியால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பாதங்கள் திகுதிகுவென்று எரிந்தன. எழுந்து நடந்தால் பஞ்சின்மேல் நடப்பதுபோலிருந்தது. சிட்லபாக்கத்து வீட்டுக் கூடத்தில் அவள் குறுக்கும் நெடுக்குமாக நடப்பதைப் பார்த்து, கணவர் வைத்தீஸ்வரன் பேப்பரை மடித்து வைத்தார்.

"பிளட் ரிப்போர்ட்தான் நார்மல்னு வந்துடுத்தே. சும்மா மனசைப் போட்டு அலட்டிக்காதே."

குடும்ப டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார்.

போன வருஷம், 1989இல், அவளுக்கு ஒரே களைப்பு, ரத்தசோகை என்றார்கள். நாத்தனார், தான் பிள்ளை உண்டாகியிருந்தபோது சாப்பிட்ட ஃபோலிக் ஆசிட் மாத்திரையைச் சொன்னாள். சாவித்ரி அதை விடாமல் சாப்பிட்டாள். களைப்பு போயிற்று, ரத்தமும் ஏறியது. இப்போது கால் மரத்ததும், சத்து போதவில்லை என்று நினைத்து இரண்டிரண்டாக விழுங்கினாள்.

ஒரு காலை, கிண்டி ஆபீசுக்குப் போக சானடோரியம் ஸ்டேஷன் படியேறிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த பெண் கூப்பிட்டாள்.

"இன்னாக்கா, ஒரு கால்ல செருப்பையே காணோம்?"

சாவித்ரி குனிந்து பார்த்தாள். வெறுங்காலில், பெருவிரலில் ரத்தம். செருப்பு எங்கே கழன்றது, விரல் எதில் இடித்தது, ஒன்றுமே தெரியவில்லை. அன்று ஆபீசுக்குப் போகாமல், தாம்பரத்தில் தோழி ஒருத்தி சொல்லியிருந்த நரம்பு டாக்டர் அருள்மேரியிடம் போனாள்.

டாக்டர் அவளைப் பாதங்களைச் சேர்த்து நிற்கவைத்தார். "கண்ணை மூடுங்க."

மூடியதுமே சாவித்ரி சாய்ந்தாள். டாக்டர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"மருந்தெல்லாம் இல்லை டாக்டர். ஃபோலிக் ஆசிட், வெறும் விட்டமின்."

"கறி, முட்டை?"

"கிடையாது. பாலும் ஒத்துக்காது."

"அதெல்லாம் சாப்பிடாததால உங்களுக்கு பி-டுவெல்வ் விட்டமின் குறைஞ்சிருக்கும்னு நினைக்கறேன். சாதாரணமா அது ரத்தசோகையா ரத்த டெஸ்ட்லயே தெரிஞ்சிடும். இந்த ஃபோலிக் ஆசிட் ரத்தத்தை மட்டும் சரிபண்ணி, குறையை மறைச்சிடுச்சு. நரம்பு அதுபாட்டுக்கு கெட்டுக்கிட்டே இருந்திருக்கு."

"அப்போ நானா கற்பனை பண்ணிக்கலையே?"

"இல்லம்மா."

சாவித்ரிக்கு அழுகை வந்துவிட்டது. பயமா நிம்மதியா என்று அவளுக்கே தெரியவில்லை.

தனியாக எடுத்த டெஸ்டில் பி-டுவெல்வ் மிகக் குறைவு என்று வந்தது. ஊசி போட ஆரம்பித்தார்கள். வைத்தீஸ்வரன் ஒவ்வொரு முறையும் லீவு போட்டுக் கூட வந்தார்.

"நீ சொன்னப்பவே நம்பியிருக்கணும்" என்றார், பஸ்ஸில்.

"ஆமாம்" என்றாள் சாவித்ரி.

எரிச்சல் மெல்ல அடங்கியது. நடை திடமானது. லீவு முடிந்து அவள் மறுபடி வேலைக்குப் போனாள். கால்விரல் நுனிகளில் மட்டும் உணர்ச்சி கடைசிவரை திரும்பவில்லை.