கெட்டுப்போகாத ஏசி

கேம்பல் பே என்கிற தீவு ஊரில் ஒருவருடைய கார் ஏசி கெட்டுப்போனால் அது அவருடைய சொந்த விஷயமாக இருக்க முடியாது. டீக்கடையில் விசாரிப்பார்கள், கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் விசாரிப்பார்கள், ஆணி வாங்க வந்தவர்கூட "ஏசி டீக் ஹுவா க்யா?" என்று இந்தியில் ஏசி சரியாயிற்றா எனக் கேட்டுவிட்டுத்தான் ஆணியைக் கேட்பார். ஹார்டுவேர் கடை சந்திரமோகனை அந்த மார்ச் மாதம் முழுக்க இப்படித்தான் வறுத்தெடுத்தார்கள். பாவம், ஊர் அக்கறையாகத்தான் கேட்டது. அவன்தான் ஒவ்வொரு தடவையும் கல்லாப்பெட்டிக்குள் குனிந்துகொண்டான். ஏனென்றால் அந்த ஏசி கெட்டுப்போகவே இல்லை.

நடந்தது இதுதான். பக்கத்து வீட்டு முத்துவீரன் போர்ட் பிளேரில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டு ஊர் திரும்பினார். மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சந்திரமோகன் வீட்டில் மின்விசிறி நின்றுபோனால்கூடக் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பவர். அவர் மனைவி ருக்கு, கப்பல் ஏறுவதற்கு முன்பே போன் போட்டு, ஜெட்டிக்குக் கார் கொண்டுவர முடியுமா என்று கேட்டாள். சந்திரமோகன் உடனே சரி என்றான். உதவி என்று வந்துவிட்டால் தான் யோசிக்கிற ஆளே இல்லை என்று அவன் அடிக்கடி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வான்.

ஆனால் அந்த வாரம் பெட்ரோல் கப்பல் வரவில்லை. பங்கில் ஆளுக்குக் கொஞ்சம் என்று அளந்து ஊற்றினார்கள். ஏசி போட்டால் வண்டி பெட்ரோலைக் குடித்துவிடும் என்ற நினைப்பு அவன் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஜெட்டியிலிருந்து காந்தி நகர் வீடு வரைக்கும் ஓடினால் அப்படி என்னதான் குடித்துவிடும்? ஒரு டம்ளர் இருக்குமா? அதை அவன் யோசிக்கவில்லை.

முத்துவீரன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ருக்குவின் தோளைப் பிடித்தபடி பின் சீட்டில் ஏறினார். வெயிலில் நின்ற வண்டி அடுப்பாகக் கொதித்தது.

"தம்பி, ஜன்னலை ஏத்திட்டு ஏசி போட்டுறலாமா? தூசி படவே கூடாதுன்னு டாக்டர் கண்டிசனா சொல்லிட்டாரு" என்றாள் ருக்கு.

"ஏசி கராப் மதினி. கேஸ் போயிருச்சு."

வாயில் வந்துவிட்டது. வந்ததோடு விடாமல், ஏசி பொத்தானை அமுக்காமல் வெறும் ஃபேனை மட்டும் திருகியும் காட்டினான். அனல் காற்று குப்பென்று முகத்தில் அடித்தது.

"பரவாயில்லப்பா. நீ வண்டி கொண்டாந்ததே பெரிசு" என்றார் முத்துவீரன்.

எல்லா ஜன்னலையும் இறக்கிவிட்டுக் கிளம்பினார்கள். ரோடு பெயர்ந்து கிடந்த இடத்தில் முன்னால் ஒரு டிப்பர் லாரி போனது. அது கிளப்பிய செம்மண் அப்படியே காருக்குள் வந்தது. ருக்கு முந்தானையை எடுத்துப் புருஷன் கண்ணுக்கு மேலே திரைபோலப் பிடித்துக்கொண்டாள். காற்று அதைப் பிடுங்கப் பிடுங்க, மறுபடி மறுபடி இழுத்துப் பிடித்தாள்.

சந்திரமோகன் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் அதைப் பார்த்தான். ஒரு பொத்தான், விரலை நீட்டினால் போதும். ஆனால் நீட்டினால் கொஞ்சம் முன்னால் சொன்னது பொய் என்று ஆகிவிடுமே. தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருவர் கண்ணில் மண் விழுந்தாலும் விழட்டும் என்று ஓட்டினான். அப்போதே அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டேதான் வீடு வரைக்கும் ஓட்டினான்.

சில நாளிலேயே செய்தியை அவன் மனைவி உமா மகேஸ்வரி கொண்டுவந்தாள். முத்துவீரன் கண் கோவைப்பழமாகச் சிவந்து, சீழ் வைத்துவிட்டதாம். இங்கே டாக்டர் சொட்டு மருந்து போட்டுப் பார்த்துவிட்டு, தாமதிக்காமல் போர்ட் பிளேருக்கே போகச் சொல்லிவிட்டாராம். "கடல் காத்து ஒத்துக்கலையோ என்னமோ" என்றான் சந்திரமோகன். சொன்ன வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அவர்கள் மறுபடி கப்பல் ஏறினார்கள். ஜெட்டி வரைக்கும் நான் விடுகிறேன் என்று போய் நின்றான். "வேணாம் தம்பி, ஏசி இல்லாத வண்டில நீங்களும் எதுக்கு அனல்ல கஷ்டப்படணும்? ஆம்புலன்ஸ் சொல்லிருக்கு" என்றாள் ருக்கு. அவளுக்கு அவன்மேல் இரக்கம்.

சொன்ன பொய்க்கு அதன்பிறகு உழைக்க வேண்டியிருந்தது. ஊருக்குள் ஜன்னலைத் திறந்துபோட்டு, சட்டை முதுகில் ஒட்ட ஒட்ட ஓட்டினான். இதில் இன்னொரு தொல்லை. ஏசியை வாரக்கணக்கில் போடாமல் வைத்தால் உள்ளே ரப்பரெல்லாம் காய்ந்து, நிஜமாகவே கேஸ் கசிந்துவிடும், வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓடவிடுங்கள் என்று வண்டி வாங்கும்போதே சொல்லியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணைவிட வண்டியின் ரப்பர்மேல் அவனுக்குக் கரிசனம் அதிகம். உமாவை ஏற்றிக்கொண்டு ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டுக்குப் போனான். ஜன்னலை ஏற்றிவிட்டுப் பொத்தானை அமுக்கினான். ஜில்லென்று காற்று வந்தது.

"ஏங்க, கெட்டுப்போச்சுன்னீங்க?"

"அப்பப்ப வருது, அப்பப்ப போகுது."

உமா பொத்தானைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"அன்னைக்கு ருக்கு அக்கா ஏறினப்ப மட்டும் போயிருச்சாக்கும்."

திரும்பும்போது ஊர் எல்லையில் ஜன்னலை இறக்கச் சொல்லி அவளே ஞாபகப்படுத்தினாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

முத்துவீரன் திரும்பி வருகிற அன்று யாரும் கூப்பிடாமலே ஜெட்டிக்குப் போனான். கப்பல் கரை சேர்வதற்குள் ஏசியைப் போட்டு வண்டியைக் குளுகுளுவென்று ஆக்கிவைத்தான். சொல்லவேண்டியதும் தயாராக இருந்தது. கேஸ் போட்டாயிற்று, சரியாகிவிட்டது, அவ்வளவுதான். பழையதை எல்லாம் இந்தக் குளிர்ச்சியில் அமுக்கிவிடலாம் என்று நினைத்தான். காருக்கு அடியில் ஏசித் தண்ணீர் சொட்டிச் சொட்டித் தேங்கியிருந்தது.

ருக்கு அந்தத் தண்ணீரில் கால் வைத்துத்தான் ஏறினாள். உள்ளே வந்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அய்யய்யோ, ஏசி டீக் ஆயிடுச்சா!"

"கேஸ் போட்டாச்சு மதினி."

"கேட்டீங்களா, தம்பி கேஸ் போட்டுட்டாராம்!" என்று புருஷனிடம் சிரித்துக்கொண்டே, மடியிலிருந்த பையைத் திறந்தாள். பழைய சேலையில் சுற்றி வைத்திருந்த எதையோ பிரித்தாள். உள்ளே இரண்டு சின்ன டப்பாக்கள். கார் ஏசிக்குப் போடுகிற கேஸ்.

"உங்களுக்குன்னு வாங்கினது தம்பி. வெயில்ல வெளிய போகாதேன்னு டாக்டர் சொல்லிருக்காரு, இவரு கேட்டாத்தானே. போர்ட் பிளேர் அபர்டீன் பஜார்ல கடை கடையா ஏறி எறங்கிருக்காரு. நம்மளுக்காக வண்டி எடுத்தாந்த புள்ள வெந்து சாகுதுன்னு ஒரே பொலம்பல்."

சந்திரமோகன் டப்பாக்களை வாங்காமல் முன்னால் திரும்பிக்கொண்டான். வண்டியை எடுத்தான்.

"கண்ணு எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டான்.

ருக்குதான் சொன்னாள். "ஆபரேஷன் செஞ்ச கண்ணுல இனி வெளிச்சம் இருட்டு மட்டுந்தான் தெரியும்னுட்டாங்க. தூக்கத்துல கசக்கிருப்பாரு போல. கூடவே படுத்திருந்தேன், நான்தான் சரியா பாத்துக்கல." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். பிறகு தன்னைத் தேற்றிக்கொள்கிறவள்போலப் பேச்சை மாற்றினாள். "அது சரி தம்பி, யாரு கேஸ் போட்டா? கேம்பல் பேக்கு இது வந்தே பல மாசமாச்சுன்னு கடைக்காரர் சொன்னாரே."

அவள் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. உமா எங்கிருந்தோ வரவழைத்தாள் என்று சொன்னால் நம்பிவிடுவாள். அந்தப் பொய்யும் நாக்கு நுனிவரை வந்தது. நான்தான் பார்த்துக்கொள்ளவில்லை என்று அவள் சொன்ன குரல் அதைத் தடுத்துவிட்டது.

"கேஸ் போகவே இல்ல மதினி" என்றான். "அன்னைக்கும் ஏசி ஓடிருக்கும். நான்தான் போடல."

ருக்கு பிரித்த சேலையை மறுபடி டப்பாக்களின்மேல் சுற்றினாள்.

"அன்னைக்கு பெட்ரோல் இல்ல. அதானேப்பா?" என்றார் முத்துவீரன். அவனுக்காக அவரே ஒரு காரணம் தேடிக் கொடுத்தார்.

"ஆமாண்ணே" என்றான். அதை எடுத்துக்கொள்ளவும் அவனுக்கு மனம் வந்தது.

ருக்கு திட்டினால் தேவலை என்று அந்தக் கண்ணாடியில் பார்த்தான். ஜன்னல்கள் எல்லாம் ஏற்றப்பட்டிருந்தன. உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை. அவள் மெதுவாக முந்தானையை எடுத்து, அன்றைக்குப் பிடித்ததுபோலவே புருஷன் கண்ணுக்கு மேலே பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை அந்தக் கையை இறக்கவே இல்லை.