ஏகாம்பரத்தின் யானைப் பாறை

மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு நடந்த சண்டைக்கான அவசரகாலம் முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்னபோது மலாக்காவின் காஜா பேராங்கில் மகிழ்ச்சி அடையாத ஒரே மனிதர் ஏகாம்பரம்தான். அவர் கம்யூனிஸ்டும் அல்ல, ஊரடங்கை ரசிக்கிறவரும் அல்ல. நில அளவை ஆபீசில் வரைபடங்களை நகல் எடுக்கும் சாதுவான உத்தியோகஸ்தர். பன்னிரண்டு வருடமாக யாரும் போக முடியாமல் கிடந்த காடு இனித் திறந்துவிடும் என்பதுதான் அவருக்குக் கவலை. காட்டுக்குள் லேடாங் மலை இருந்தது. மலையில் ஓர் அருவி இருந்தது. அந்த அருவியில் ஏகாம்பரத்தின் மானம் இருந்தது.

விஷயம் இதுதான். ஒன்பது வருடங்களுக்கு முன்னால் செமாபோக்கில் கமலவேணியைப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் மாமா கலியாணசுந்தரம், "மாப்ள வெளியூரு எங்கயாச்சும் போயிருக்கீங்களா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டு வைத்தார். ஏகாம்பரம் அதுவரை புக்கிட் பாருவைத் தாண்டியதில்லை. பக்கத்திலேயே இருந்த செமாபோக்கே அன்றைக்கு அவருக்கு வெளியூர்தான். ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் ஆபீசில் லேடாங் மலையின் படத்தை நகல் எடுத்திருந்தார். ஆறு எங்கே நெளிகிறது, சரிவு எத்தனை அடி, அருவி எங்கே விழுகிறது எல்லாம் விரல்நுனியில் இருந்தன. "நாப்பத்தேழுல லேடாங் மலை ஏறியிருக்கேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனிதர் நிறுத்தவில்லை. அருவிக்குப் பக்கத்தில் யானை படுத்திருப்பதுபோல ஒரு பாறை உண்டென்றார். அதன் தும்பிக்கை தண்ணீருக்குள் நீண்டிருக்குமென்றார். அந்த யானையின் முதுகில் ஏறி உட்கார்ந்துதான் பசியாறினேன் என்றார். கதவுக்குப் பின்னால் வளையல்கள் குலுங்கின. பெண்ணுக்குச் சம்மதம் என்று மறுநாளே சேதி வந்துவிட்டது.

தன் மூஞ்சிக்கும் சம்பளத்துக்கும் கமலவேணி கிடைத்திருக்க மாட்டாள், அருவிதான் வாங்கிக் கொடுத்தது என்று ஏகாம்பரம் திடமாக நம்பினார். அதனால் அருவியை அவர் நன்றாகக் கவனித்துக்கொண்டார். வருடத்துக்கு ஒரு புலிக் காலடியும் ஒரு நீலப் பட்டாம்பூச்சியும் சேர்த்தார். போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுத்துச் சொல்ல யாருக்கும் வழியில்லை, காட்டில் துப்பாக்கிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. இப்போது சண்டை ஓய்ந்துவிட்டது. இத்தனை நாள் கண்ணை விரித்துக் கதை கேட்ட மனைவி, தன்னை ஏமாற்றிக் கட்டிக்கொண்டவன் என்று ஒரு பார்வை பார்த்தால் அப்புறம் எந்த முகத்தோடு அவள் போடும் சோற்றைத் தின்பது? இந்த யோசனையில் ஏகாம்பரத்துக்கு ஒரு மாதமாகச் சரியான தூக்கமில்லை.

ரொட்டி வேன் ஓட்டுகிற தேவதாஸ் ஒரு சாயங்காலம் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, மெர்டேக்கா லீவுக்கு மொதலாளிகிட்ட வேன் கேட்டுட்டேன். லேடாங் போறோம். வழி காட்ட நீங்க இருக்கீங்க, வேற என்னா வேணும்?"

மழை வரும் என்றார் ஏகாம்பரம். ஆபீசில் வேலை கிடக்கிறது என்றார். கடைசியாக முட்டிவலி என்றார். உள்ளேயிருந்து கமலவேணி தைலப் போத்தலோடு வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"நீட்டுங்க. யான முதுகுல ஏறி ஒக்காந்த காலாச்சே, வீணாப் போவ விடலாமா?"

ஏகாம்பரம் காலை நீட்டினார்.

சுதந்திர தின லீவன்று விடியும்போதே நாலு பேர் கிளம்பினார்கள். நாலாவது ஆள் பக்கத்து வீட்டுப் பொன்னுதுரை. தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ் வம்சமான மலாக்காச் செட்டி, நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய மலாய். இவர்கள் பேசும் தமிழில் பாதி புரியும், மீதியைச் சிரித்துச் சமாளிப்பார். அவர் மனைவி தனலட்சுமி பிள்ளைகளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் காரமான மீன் சம்பாலும் அடைத்த நாலடுக்குத் தூக்குச்சட்டியைக் கணவர் தலையில் கட்டியிருந்தாள். வழிகாட்டி என்ற முறையில் ஏகாம்பரம் ஆண்கள் எல்லாரையும் வெள்ளைக் கால்சட்டையும் வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்தும் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். மலைக்குப் போவது என்றால் பார்க்கக் கொஞ்சம் மரியாதையாக இருக்க வேண்டாமா?

கமலவேணி அந்த வெள்ளைச் சப்பாத்துகளை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு தகர டப்பாவில் புகையிலையும் சுண்ணாம்பும் நிரப்பிக்கொண்டு வந்தாள்.

"நீதான் வெத்தல போடமாட்டியே?" என்றார் ஏகாம்பரம்.

"பொன்னுதுரை அண்ணனுக்கு" என்றாள்.

பொன்னுதுரையின் மடியில் அவருடைய சொந்த வெற்றிலைப் பெட்டி இருந்ததை ஏகாம்பரம் பார்த்தார். பார்த்தும் யோசிக்கவில்லை. சட்டைப்பைக்குள் ஆபீசிலிருந்து திருட்டுத்தனமாக நகல் எடுத்து வந்த படம் இருந்தது. அவருடைய புத்தி முழுக்க அங்கேதான்.

தங்காக்கைத் தாண்டி, சாகில் பக்கத்தில் ரப்பர் மரங்கள் நிற்கும் ஒரு கித்தா தோட்டத்தின் ஓரத்தில் தேவதாஸ் வேனை நிறுத்தினான். விறகுக் கட்டோடு வந்த ஒரு தோட்டத்து அம்மாவிடம் கமலவேணி நெடுநேரம் பேசிக்கொண்டு நின்றாள். அந்த அம்மா அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். பெண்கள் எங்கே போனாலும் இரண்டு நிமிடத்தில் உறவு கொண்டாடிவிடுவார்கள் என்று ஏகாம்பரம் நினைத்துக்கொண்டார்.

பால்மரங்கள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் குங்குமம் அப்பிய ஒரு கல் நின்றது. அதைச் சுற்றிக் காய்ந்த இலைக்கொத்துகள் குவிந்து கிடந்தன.

"இது முனியோட எல்ல" என்றாள் கமலவேணி. "மொத தடவ மேல போறவங்க ஒரு கொத்து ஒடிச்சுப் போட்டுட்டுத்தான் போவணும். இந்தத் தோட்டத்துல அதான் வழக்கமாம்."

பொன்னுதுரை பயபக்தியோடு ஒரு கொத்தை ஒடித்து வைத்து, "தாபே, டத்தோக்" என்று மலாயில் சலாம் சொல்லிக் கும்பிட்டார். தேவதாஸும் வைத்தான். ஏகாம்பரத்தின் கையும் பக்கத்துக் கிளைக்குப் போனது.

"உங்களுக்கு எதுக்குண்ணே? நீங்கதான் பழைய ஆளாச்சே" என்றான் தேவதாஸ்.

ஏகாம்பரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஊரில் வேறு யாரையும்விட முனிக்கு அதிகம் பயப்படுகிறவர் அவர். வேறு வழியில்லாமல் மனசுக்குள்ளேயே மன்றாடினார்: சாமி, இப்போது மூன்று பேர் பார்க்கிறார்கள், நிலைமையைப் புரிந்துகொள், திரும்பி வரும்போது இரண்டு கொத்தாகப் போட்டுவிடுகிறேன்.

முதல் அரைமணி நேரம் வழிகாட்டி நன்றாகத்தான் வழிகாட்டினார், ஏனென்றால் ஒரே ஒரு பாதைதான் இருந்தது. அப்புறம் அது இரண்டாகப் பிரிந்தது. முகம் துடைக்கிற பாவனையில் கைக்குட்டைக்குள் படத்தை வைத்துப் பார்த்தார். வேர்வையில் மை கரைந்து ஆறு, சரிவு, அருவி எல்லாம் ஒரே நீலக் கறையாகிப் போயிருந்தது.

"இங்க கொஞ்சம் எளப்பாறலாம்" என்றார் கம்பீரமாக.

"நான் அந்தப் பூவப் பாத்துட்டு வர்றேன்" என்று கமலவேணி இடப்பக்கம் நடந்தாள். போனவள் திரும்பி வராததால் எல்லாரும் அவள் பின்னால் போனார்கள். பாதை அந்தப் பக்கம்தான் ஏறியது. அடுத்த பிரிவில் அவளுக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மூன்றாவது பிரிவில் அவளுடைய செருப்பு வழுக்கிக்கொண்டு சரியான திசையில் போய் விழுந்தது. ஊர் மாரியம்மன்தான் மனைவி உருவில் வந்து காப்பாற்றுகிறாள் என்று ஏகாம்பரம் உருகிப்போனார். மாரியம்மனுக்கு ஒரு பால்குடம் நேர்ந்துகொண்டார்.

அந்த நேரத்தில் தேவதாஸ் அலறினான். அவனுடைய வெள்ளைக் கால்சட்டை முட்டிக்குக் கீழே சிவந்திருந்தது. எல்லாரும் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்தார்கள். அட்டைகள்! சப்பாத்துக்குள், காலுறைக்குள், பொன்னுதுரையின் தொப்பையில்கூட ஒன்று. ஆபீஸ் படத்தில் அட்டை போடுகிற வழக்கம் இல்லை. ஒன்பது வருடக் கதையில் ஏகாம்பரமும் ஒரு அட்டையைக்கூட ஊர விட்டதில்லை.

கமலவேணி மட்டும் சாவகாசமாக டப்பாவைத் திறந்து, புகையிலையையும் சுண்ணாம்பையும் தண்ணீர் விட்டுக் குழைத்து ஒவ்வொருவர் காலிலும் தேய்த்துவிட்டாள். அட்டைகள் சுருண்டு விழுந்தன.

"ஏண்ணே, அன்னிக்கு ஒங்கள இது கடிக்கலியா?" என்றான் தேவதாஸ்.

"அப்ப... அப்ப வெயில் காலம்" என்றார் ஏகாம்பரம். கமலவேணி அவருடைய கணுக்காலில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பை அதிகமாகவே அழுத்தித் தேய்த்தாள்.

கடைசி ஏற்றத்தைத் தாண்டியதும் அருவி வந்துவிட்டது. பாறைகளின் மேல் படிப்படியாகக் குதித்து, வெள்ளையாகப் பொங்கிக்கொண்டு, சாரலை முகத்தில் அடித்தது. ஏகாம்பரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அடடா, நிஜமான அருவிக்கு முன்னால் தான் சொன்னதெல்லாம் ஒன்றுமே இல்லையே என்று அவருக்குக் கண்கலங்கியது. இத்தனை சத்தம் போடும் என்று படத்தில் எங்கே எழுதியிருந்தது? கொஞ்ச நேரம் பயத்தைக்கூட மறந்து நின்றார்.

தேவதாஸ் மறக்கவில்லை. "அண்ணே, யானப் பாற எங்க?"

சுற்றிலும் ஐம்பது பாறைகள் இருந்தன. ஒன்றாவது யானையாக இருக்கக்கூடாதா! பன்றி மாதிரி ஒன்று இருந்தது, சோற்றுப் பானை மாதிரி இரண்டு மூன்று இருந்தன. ஏகாம்பரம் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்த்தார். சரி, சொல்லிவிடுவோம், நடப்பது நடக்கட்டும் என்று வாயைத் திறந்தார்.

"அதோ" என்று கமலவேணி அருவிக்கடியில் ஒரு பாறையைக் காட்டினாள். "தல அந்தப் பக்கம் திரும்பியிருக்கு. பாசி புடிச்சிருச்சு, அதான் சட்டுனு தெரியல."

பொன்னுதுரை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அடா! அடா! இத்து டியா பெலாலாய்!" என்று மலாயில் கத்திக்கொண்டு குதித்தார். அவருக்குத் தும்பிக்கையே தெரிந்துவிட்டது. தேவதாஸ் தலையை இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்தான். பொன்னுதுரைக்குத் தெரிவது தனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, "ஆமாமா, காதுகூடத் தெரியுது" என்றான். இருவரும் சட்டையைக் கழற்றிவிட்டு யானை மேல் ஏறப் போனார்கள்.

ஏகாம்பரம் மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நிம்மதியாக மூச்சுவிட வேண்டிய நேரம். ஆனால் இப்போதுதான் அவருடைய மூளை வேலை செய்யத் தொடங்கியது. பூ, செருப்பு, புகையிலை. முனிக் கல்.

"வேணி, நீ ஏன் கொத்து போடல?"

"நீங்களும்தான் போடல."

"நான் முன்னாடியே வந்தவன்ல..."

"நானுந்தான்" என்றாள் கமலவேணி.

அருவி பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.

"ஜப்பான்காரன் காலத்துல சித்தி வீட்டுல இருந்தேன்னு சொல்லியிருக்கேன்ல? அந்தத் தோட்டம் இதுதான். ரெண்டு வருஷம். வெறகு பொறுக்க வருவோம், அப்படியே குளிச்சிட்டுப் போவோம். கீழ பாத்தீங்களே ஒரு அம்மா, அவங்கதான் எனக்குக் கொத்து ஒடிச்சுக் குடுத்தவங்க."

"இத்தன நாளு சொல்லவே இல்லியே நீ!"

"நீங்க எப்பக் கேட்டீங்க? நீங்கதான் சொல்லிக்கிட்டே இருந்தீங்களே."

ஏகாம்பரத்துக்கு முகம் சுட்டது. சாரல் அடித்தும் சுட்டது. "அப்ப... பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே ஒனக்குத் தெரியுமா?"

"யானப் பாறன்னீங்க பாருங்க, முந்தானைய வாயில வச்சு அமுக்கிக்கிட்டேன். வளையல் சத்தம் கேட்டுச்சில்ல? வேற எதுக்குன்னு நெனச்சீங்க?"

"பொய்யன்னு தெரிஞ்சா என்னக் கட்டிக்கிட்ட?"

கமலவேணி காலைத் தண்ணீருக்குள் விட்டு ஆட்டினாள். "ஒங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு வந்தாங்க. ரெண்டு பேரும் சம்பளத்தப் பத்திப் பொய் சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் பாறையப் பத்திச் சொன்னீங்க. அது போதும்னு இருந்துச்சு."

ஏகாம்பரம் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தானும் காலைத் தண்ணீருக்குள் விட்டார். வெட்கமாக இருந்தது. அதைவிட, இரண்டு வருடம் இந்தக் காட்டில் விறகு பொறுக்கிய ஒரு சிறுமியைப் பற்றி ஒன்பது வருடமாக ஒரு கேள்விகூடக் கேட்காமல் இருந்துவிட்டோமே என்பது அதிகமாக வலித்தது.

இறங்கி வரும்போது முனிக் கல்லின் முன்னால் அவர் நின்றார். யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்பே நேர்ந்துகொண்டபடி இரண்டு கொத்தாக ஒடித்து, இரண்டு கையாலும் கல்லின் முன்னால் வைத்து, விழுந்து கும்பிட்டார்.

தேவதாஸ் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தான். "அண்ணே! மொத தடவ வர்றவங்கதானே..."

"ஆமா" என்றார் ஏகாம்பரம். "மொத தடவதான்."

தேவதாஸுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பொன்னுதுரைக்கு அவன் மலாயில் விளக்கிச் சொன்னான், அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. தும்பிக்கையைத் தன் கண்ணால் பார்த்ததாகவும், அதன் மேல் உட்கார்ந்து சம்பால் தின்றதாகவும் சாதித்தார். நாளைக்கே ஊர் முழுக்க இந்த யானை நடமாடும் என்பது நிச்சயமாகிவிட்டது.

வேன் புறப்பட்டது. ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே கமலவேணிக்குப் பக்கத்தில் ஏகாம்பரம் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார். திறந்திருந்த பின்கதவு வழியாகத் தோட்டத்து லய வீடுகள் தெரிந்தன.

"வேணி, ஒங்க சித்தி வீடு இதுல எது?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். சொல்ல ஆரம்பித்தாள். மரவள்ளிக்கிழங்கு, ஜப்பான் பள்ளிக்கூடம், காய்ச்சலில் செத்துப்போன சித்தியின் மகள், விறகுக் கட்டுக்குள் இருந்த பாம்பு. தங்காக் தாண்டியும் அவள் முடிக்கவில்லை. இடையில் இரண்டு முறை ஏகாம்பரத்தின் வாய் தானாகத் திறந்தது. இரண்டு முறையும் அவர் அதை மூடிக்கொண்டார்.

"என்னாண்ணே, யான தூங்கிருச்சா? சத்தத்தயே காணோம்" என்றான் தேவதாஸ் முன்னாலிருந்து.

"சும்மா வண்டிய ஓட்டுடா" என்றார் ஏகாம்பரம். "அவ சொல்லிக்கிட்டிருக்கா."