முன்னால் ஒரு பாராட்டு, பின்னால் ஒரு பாராட்டு

நாங்கள் பற்கள் செய்கிறோம். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, அதன்மேல் மெழுகு கட்டி, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, ஒரு வாய்க்கான முழு பல் செட்டையும் உருவாக்கித் தருவது எங்கள் பட்டறையின் தொழில். மூன்று அறைகள், ஏழு பேர். பதினோரு ஆண்டுகள் பிளாஸ்டர் மேசையில் நின்ற என்னை, முதலாளியம்மா சில மாதங்களுக்கு முன்பு பட்டறைப் பொறுப்பாளராக உயர்த்தினார்கள். அப்பதவிக்கு நான் தகுதியானவன்தானா என்னும் ஐயம் அன்று எனக்கு இருந்தது. இன்று அது முற்றிலும் நீங்கிவிட்டது என்று துணிந்து சொல்வதற்கில்லை.

ஐயம் வந்தால் புத்தகத்தைத் தேடுவது என் வழக்கம். நூலகத்தில் தலைமைப் பண்புக்கும் ஆளுமை வளர்ச்சிக்கும் தனியாக ஓர் அடுக்கு இருந்தது. அட்டைகளில் இருந்தவர்கள் எல்லோரும் கைகளைக் கட்டிக்கொண்டு, எங்கள் தொழிலுக்கே பெருமை சேர்க்கும்படி சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று புத்தகங்களை எடுத்துவந்தேன்.

ஊழியர்களின் குடும்ப நலனை நாள்தோறும் விசாரிக்க வேண்டும் என்றது முதல் புத்தகம். மறுநாள் காலை பாலிஷ் எந்திரத்தின் அருகே சென்று நின்றேன். அங்கே அமர்ந்திருப்பவரை நாங்கள் பளபளா என்று அழைப்போம். அவருடைய உச்சந்தலையும் அந்தப் பெயருக்கு நன்றாகவே ஒத்துழைத்துவந்தது.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க சார்."

"பையன் நல்லா படிக்கிறானா?"

"படிக்கிறான் சார்."

"வீட்ல எல்லாரும் சந்தோஷமா இருக்காங்களா?"

பளபளா எந்திரத்தை அணைத்துவிட்டார். "சார், சுத்தி வளைக்காதீங்க. என்னை வேலைய விட்டு அனுப்பப் போறீங்களா?"

தலைவனின் கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்றது இரண்டாவது புத்தகம். என் அறைக்குக் கதவு இல்லை, திரைதான். அதைச் சுருட்டிக் கட்டி வைத்தேன். குறை சொல்ல ஒருவரும் வரவில்லை. பிளாஸ்டர் தூள் மட்டும் தாராளமாக உள்ளே வந்து என் தேநீரில் இறங்கியது.

மூன்றாவது புத்தகம்தான் என்னை ஆட்கொண்டது. குறையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு பாராட்டு, சொன்ன பின்னால் ஒரு பாராட்டு. குறை நடுவில் இருந்தால் கேட்பவர் மனம் புண்படாது என்று அதன் நான்காம் அத்தியாயத்தில் எழுதியிருந்தது. பேருந்தில் என் காலை மிதித்தவரிடம் நானே மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு இது கடவுளே நேரில் வந்து கொடுத்ததுபோல் இருந்தது. அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் செயலில் இறங்கினேன்.

முதல் சோதனையை வீட்டில் நடத்தினேன்.

"டீ ரொம்பப் பிரமாதம். ஆனா சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கு. கப் ரொம்ப அழகா இருக்கு."

என் மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "பதினாறு வருஷமா இதே கப்லதான் குடிக்கிறீங்க. இன்னிக்குத்தான் அழகு தெரிஞ்சுதாக்கும்? என்ன தப்பு பண்ணீங்க, மரியாதையா சொல்லிடுங்க."

இந்த எச்சரிக்கையை நான் மதித்திருக்க வேண்டும். மதிக்கவில்லை.

மெழுகக்காவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மெழுகில் பல் நடுபவர் அவர்தான். எங்கள் பட்டறையின் உயிர் அவருடைய பத்து விரல்களில் இருக்கிறது என்றால் மிகையாகாது. பெயரில்தான் அக்கா, என்னைவிட ஆறு வயது இளையவர். எட்டு ஆண்டுகளாக என்னை "அண்ணா" என்று அழைத்துவந்தவர், நான் பொறுப்பாளரான மறுநாள் முதல் "சார்" என்று அழைக்கத் தொடங்கினார். "வாம்மா, போம்மா" என்று பேசிவந்த நானும், ஊழியர்களை மரியாதைப் பன்மையில் அழைக்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்துவிட்டு "நீங்க" என்றேன். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு மேசை கூடுதலாக வந்து விழுந்ததுபோல் இருந்தது. அதை எப்படி நகர்த்துவது என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

மெழுகக்காவுக்கு ஒட்டுப்போடுவது பிடிக்காது. நட்ட செட் சரியில்லை என்று தோன்றினால், மேசையோரம் உள்ள வெந்நீர்ப் பாத்திரத்தில் முழுவதையும் அமிழ்த்திவிடுவார். மெழுகு இளகும்; பற்கள் உதிர்ந்து அடியில் போய்ச் சேரும். பொறுக்கி எடுத்து, துடைத்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார்.

"முன்வரிசை ரொம்ப அழகா இருக்குங்க. ஆனா கடைவாய்ப் பல்லு கொஞ்சம் உயரம். மெழுகு வேலை ரொம்பச் சுத்தம்" என்பேன்.

"சரிங்க சார்" என்பார். தொபுக்கென்று செட் வெந்நீருக்குள் போய்விடும்.

ஆறே வாரங்களில் பட்டறை முழுவதும் என் முறையைக் கற்றுக்கொண்டுவிட்டது. "பிரமாதம்" என்று நான் வாயைத் திறந்ததும் பளபளா தோள்களைக் குறுக்கிக்கொள்வார். ஒருநாள் கைகழுவும் இடத்தில் அவர் சொல்லிக்கொண்டிருந்தது, சுருட்டிக் கட்டிய திரையின் வழியே என் காதில் விழுந்தது.

"முன்னாடி ஒரு தலகாணி, பின்னாடி ஒரு தலகாணி, நடுவுல குத்து. பழைய பொறுப்பாளர் திட்டுவாரு, அதோட போயிடும். இவரு பாராட்ட ஆரம்பிச்சாலே ஓடிடலாம்னு தோணுது."

அந்த வாரம் புதன்கிழமை முதலாளியம்மா என்னை அழைத்தார்கள்.

"தெருக்கோடிப் பட்டறையில மெழுகக்காவைக் கூப்பிட்டிருக்காங்க. சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள பதில் சொல்றேன்னு சொல்லியிருக்காளாம். அவ போயிட்டா நம்மகிட்ட மெழுகு இருக்கும், கை இருக்காது. ஆறு டாக்டருங்க அவ பின்னாடியே போயிடுவாங்க. நீங்கதான் பொறுப்பாளர். அவளைப் போக விடாம வச்சுக்கிறது உங்க வேலை."

"கண்டிப்பாங்கம்மா" என்றேன். வெளியே வந்து நேராக முதல் புத்தகத்தைப் புரட்டினேன்.

திறமைசாலிகளைத் தக்கவைத்துக்கொள்ளத் தாராளமாகப் பாராட்டுங்கள் என்றது புத்தகம். எனவே வியாழனும் வெள்ளியும் பாராட்டுகளை இரட்டித்தேன். இதில் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு பாராட்டுகளுக்கு நடுவே வைக்க ஒரு குறை வேண்டுமல்லவா? இல்லாத இடத்திலும் அதை முனைந்து தேடிக் கண்டுபிடித்தேன். அந்த இரண்டு நாள்களில் வெந்நீருக்குள் போன செட்டுகள் ஐந்து. வெள்ளிக்கிழமை மாலை மெழுகக்கா தம் கத்திகளை ஒவ்வொன்றாகத் துடைத்து ஒரு துணியில் சுற்றி வைத்தார். மறுநாளும் வேலை இருக்கும்போது, வழக்கமாக அவர் அப்படிச் செய்வதில்லை.

சனிக்கிழமை வந்தது. அன்று பன்னிரண்டு மணிக்கு ஒரு செட், மெழுகு நிலையிலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; உரியவர் வாயில் பொருத்திப் பார்த்த பிறகுதான் கெட்டியான செட் செய்ய முடியும். உரியவர் ஓய்வுபெற்ற கால்பந்துப் பயிற்சியாளர். அவருடைய முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருந்ததாம். அதன் வழியே அவர் அடிக்கும் விசிலுக்குத்தான் மைதானம் முழுவதும் கட்டுப்பட்டதாம். வேறெங்கோ செய்த செட்டில் பற்கள் முத்து முத்தாகச் சேர்ந்து நின்றன, விசில் போய்விட்டது. "எனக்கு அழகு வேணாம், சத்தம் வேணும்" என்று எழுதி, தம்முடைய பழைய புகைப்படம் ஒன்றையும் அனுப்பியிருந்தார்.

பத்து மணிக்கு நான் அந்தச் செட்டைப் பார்த்தேன்.

புகைப்படத்தில் இருந்த அதே சிரிப்பு மெழுகுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. சந்து மட்டுமன்று, ஒரு பல்லின் ஓரத்தில் இருந்த சிறு தேய்மானம்கூட அப்படியே இருந்தது. பதினோரு ஆண்டுகளில் அத்தகைய வேலையை நான் கண்டதில்லை. புத்தகம், அத்தியாயம் எல்லாம் மறந்துபோயின.

"ரொம்ப அருமையா இருக்கு" என்றேன்.

அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. மெழுகக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் செட்டையும் புகைப்படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவ்வளவு யோசிக்கிறீங்கன்னா பெரிய தப்புதான். சரிங்க சார், புரியுது" என்றார். தொபுக்.

"ஐயோ!"

பதினோரு ஆண்டுகளில் அந்தப் பட்டறையில் நான் குரல் உயர்த்தியது அதுவே முதல் முறை. நான் பாத்திரத்துக்குள் கையை விட்டேன், சுட்டது, எடுத்தேன், மீண்டும் விட்டேன். பற்கள் அடியில் கிணுகிணுவென்று போய்ச் சேர்ந்தன. எல்லோரும் ஓடிவந்தார்கள்.

"ஏன் போட்டீங்க? ஏங்க போட்டீங்க?"

"நீங்கதானே அருமைன்னு சொன்னீங்க!"

"அருமைன்னா அருமைதானே!"

"அப்ப 'ஆனா' எங்க?"

"ஆனா கிடையாது! அருமை, அவ்வளவுதான்!"

மெழுகக்கா இடுப்பில் கைவைத்தார். "என்னிக்கு நீங்க ஆனா இல்லாம ஒண்ணு சொல்லியிருக்கீங்க? சொல்லுங்க, என்னிக்கு?"

வெந்த விரல்களை உதறிக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மூன்று புத்தகங்கள், நான்காம் அத்தியாயம், கப்பின் அழகு வரை ஒன்றையும் மறைக்கவில்லை. முதலில் பளபளா சிரித்தார். சிரித்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மெழுகக்கா சிரிக்கவில்லை.

"என்னைக் கிளப்பி விடத்தான் தினம் ஒரு குறை தேடுறீங்கன்னு நெனச்சேன்" என்றார். "எது நிஜமான தப்பு, எது சும்மா சொன்னதுன்னு தெரியாம முழுசையும் உருக்கிட்டு இருந்தேன். ராத்திரி தூக்கம் வராம பல்லா எண்ணிட்டுக் கெடந்தேன்."

நான் தலைகுனிந்தேன். "டாக்டருக்கு ஃபோன் பண்ணித் தள்ளி வச்சுடவா?"

"எதுக்கு? அந்த மனுஷன் மூணு மாசமா விசிலுக்குக் காத்திருக்காரு. பன்னெண்டுன்னா பன்னெண்டுதான். பல்லைப் பொறுக்குங்க."

பொறுக்கினேன். சட்டைக் கையை மடித்துவிட்டு, பழைய பிளாஸ்டர் மேலங்கியை மாட்டிக்கொண்டேன். நான் பற்களைத் துடைத்து வரிசையாக வைத்தேன், பளபளா கத்திகளைச் சூடாக்கிக் கொடுத்தார், மெழுகக்கா நட்டார். பதினொன்றரைக்குக் கீழ்வரிசை முடிந்தது. பதினொன்று நாற்பதுக்கு மேல்வரிசையை வெளிச்சத்தில் உயர்த்திக் காட்டினார்.

"இப்ப எப்படி இருக்கு?"

என் நாக்கு பழக்கதோஷத்தில் "மெழுகு வேலை ரொம்ப..." என்று தொடங்கியது. அவருடைய புருவம் உயர்ந்தது. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"வலப்பக்கக் கோரைப்பல் வெளிய தள்ளி நிக்குது. மாத்தணும்."

பளபளாவின் கையில் இருந்த கத்தி புகைந்துகொண்டிருந்தது. மெழுகக்கா செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆமா" என்றார். சூடான கத்தியின் நுனியால் பல்லின் அடியை ஒரு தொடு தொட்டு, விரலால் உள்ளே தள்ளினார். "இதுக்கு எதுக்கு வெந்நீர்? நேரா சொன்னா கத்தி போதும்."

ஆறு வாரங்களில் அன்றுதான் முதன்முதலாக அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

செட்டைக் கைக்குழந்தையைப்போல் பத்திரமாக ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பளபளா பறந்தார். நாங்கள் இருவரும் காத்திருந்தோம். மணி பன்னிரண்டைத் தாண்டியது. மெழுகக்காவின் கைபேசி அடித்தது. திரையைப் பார்த்தவர் எடுக்கவில்லை.

"தெருக்கோடிப் பட்டறை" என்றார். "பதில் கேக்கிறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

இப்படி ஒரு நேரத்தில் என்ன பேச வேண்டும் என்று மூன்று புத்தகங்களிலும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. எனக்கு ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை.

"போகாதம்மா" என்றேன்.

"முன்னாடி பின்னாடி ஒண்ணும் கிடையாதா?"

"கிடையாது. போகாத."

கைபேசி அடித்து ஓய்ந்தது. அடுத்த நொடியே என் மேசைத் தொலைபேசி ஒலித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். யாரும் பேசவில்லை. அதற்குப் பதிலாக ஒரு விசில் புறப்பட்டு வந்தது. நான் ரிசீவரைத் தள்ளிப் பிடித்தபோதும் அறை முழுவதும் கேட்டது. அதற்குப் பின்னால் மருத்துவரின் சிரிப்பும், "இன்னொரு தடவை, சார்!" என்னும் பளபளாவின் குரலும் கேட்டன. திரும்பி வந்த பளபளா, தெருவில் போய்க்கொண்டிருந்த மூன்று பேரும் ஒரு நாயும் அப்படியே நின்றுவிட்டதாகச் சத்தியம் செய்தார்.

மெழுகக்கா கைபேசியை எடுத்து அழைத்தார்.

"நான் வரலைங்க... இல்லைங்க, சம்பளத்துக்காக இல்லை... இங்க எங்க அண்ணன் விட மாட்டேங்கிறாரு."

நான் திரையின் முடிச்சை அவிழ்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டேன்.

திங்கள்கிழமை, நூலகத்தில் திருப்பிக் கொடுப்பதற்காக அந்த மூன்றாவது புத்தகத்தைப் பையில் வைத்திருந்தேன். மெழுகக்கா கேட்டு வாங்கிப் போனார். வியாழக்கிழமை காலை அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"அட்டை ரொம்ப அழகா இருக்கு, அண்ணா. ஆனா நீங்க நாலாம் அத்தியாயத்தோட நிறுத்தியிருக்கக் கூடாது. எழுத்து நல்லாப் பெருசு பெருசா இருக்கு."

அவர் போன பிறகு ஐந்தாம் அத்தியாயத்தைத் திறந்து பார்த்தேன். நல்லதை நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள் என்பது அதன் முதல் வரி.

அன்று மாலை வீட்டில் என் மனைவி தேநீர் கொடுத்தாள். "நல்லா இருக்கு" என்றேன், நிறுத்திவிட்டேன். அவள் சமையலறை வாசலில் நின்று வெகுநேரம் காத்திருந்தாள்.