பச்சை உறை

தம்பியின் கருவியிலிருந்து கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடச் சொன்னார் அத்தான். அவள் போடவில்லை. விட்ட மூச்சையே சுத்தம் செய்து திருப்பித் தரும் டைவிங் கருவி அது. ஆக்சிஜன் எவ்வளவு போக வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற எலக்ட்ரானிக்ஸுக்கு இந்தப் பேட்டரிதான் உயிர். தண்ணீருக்கடியில் அது செத்தது. பின்னாலேயே தம்பியும் போனான்.

“பையன் பயந்துட்டான். பயந்தாங்கொள்ளிக்குத் தண்ணிக்குள்ள என்ன வேலை?” என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார் அத்தான். அக்காவின் புருஷன், தம்பி வேலை பார்த்த டைவிங் கம்பெனிக்கு முதலாளி வேறு. யார் எதிர்த்துப் பேசுவது?

அதே கம்பெனிக்குப் பேட்டரி கட்டித் தருகிறவள் அவள். அவள் போடுவது எப்போதும் நீல உறை; இதன் பச்சை உறையைப் பிளேடால் கீறிப் பார்த்தாள். அவள் பற்றவைத்தால், செல்லையும் செல்லையும் இணைக்கும் நிக்கல் பட்டையில் நாலு பொட்டு இருக்கும். இதில் இரண்டே இரண்டு. பக்கத்திலேயே, வேறெதிலிருந்தோ பிய்த்தெடுத்த செல் என்று காட்டிக்கொடுக்கும் பழைய பட்டையின் தழும்பு. அவளுக்குத் தெரியாமல் மலிவுச் சரக்கை வாங்கிப் போட்டிருக்கிறார் மகானுபாவர்.

அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

“போனவன் போயிட்டான்டி. என் குடும்பத்துல மண்ணை அள்ளிப் போட்டுடாதே.”

அவள் தன் பட்டறைக்குத் திரும்பினாள். மேஜையில் புதுச் செல்களைப் பரப்பினாள். சும்மா அளந்தால் எல்லாச் செல்லும் யோக்கியன்தான். லோடு கொடுத்து, மின்சாரத்தை இழுத்துப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கும். துவண்டதை ஒதுக்கிவிட்டு, ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதை மட்டும் பொறுக்கினாள். தம்பிக்குக்கூட இவ்வளவு அக்கறையாக அவள் கட்டிக் கொடுத்ததில்லை. கட்டி முடித்ததும், மேலே அதே பச்சை உறையைப் போட்டாள்.

புது டைவர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு இறங்கிக் காட்ட உடுப்பு மாட்டிக்கொண்டு, படித்துறையில் மாப்பிள்ளை மிடுக்கோடு நின்றார் அத்தான். அவள் பேட்டரியை நீட்டினாள்.

“என்ன, பச்சையா இருக்கு?”

“உங்க அலமாரியில மிச்சம் இருந்தது அத்தான். தம்பி போட்டிருந்த அதே சரக்குதான்.”

வாங்க நீண்ட அவர் கை பாதியில் நின்றது. “வேற எடுத்துட்டு வா.”

“இதுக்கு என்ன குறைச்சல்?”

“விளையாடறியா? எங்கிட்டயேவா? பழைய செல்லு, பாதியில படுத்துடும். இதைப் போட்டுக்கிட்டு எவன் இறங்குவான்?”

“என் தம்பி இறங்கினான்.”

சொன்ன பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. டைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் குனிந்து தன் கருவியின் மூடியைத் திறந்தான். அப்புறம் இன்னொருவன். உள்ளே எல்லாம் பச்சை.

அவள் கையிலிருந்ததன் உறையை நிதானமாக உரித்தாள். புத்தம்புதுச் செல்கள், பட்டைக்குப் பட்டை நாலு பொட்டு. அதை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தபோது, தம்பி போன நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவள் மனசு குளிர்ந்தது.

“உங்களுக்கு நல்லதாத்தான் கட்டினேன் அத்தான். நீங்கதான் பயந்துட்டீங்க.”