காலி அறையில் கடல் தண்ணீர்

கண்ணாடித் தொட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து எங்கே வைக்கவேண்டும் என்று கேட்டார்கள். என் கணவர் குழந்தைக் கட்டில் இருந்த சுவரோரத்தைக் காட்டினார். கட்டிலை எப்போதோ கடையில் திருப்பிக் கொடுத்தாயிற்று, தரையில் அதன் நாலு கால் தடம் மட்டும்தான் பாக்கி. தொட்டியின் ஸ்டாண்டு இரண்டு தடங்களை மறைத்தது, மற்ற இரண்டும் அப்படியே தெரிந்தன. அந்த நாட்களில் எனக்கு எதைப் பற்றியும் ஒன்றும் தோன்றாது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது உடம்பு முழுக்க.

யோசனை என் நாத்தனாருடையது. அந்த ரூமைப் பூட்டியே வைக்காதீர்கள், ஏதாவது ஒரு உயிர் இருக்கட்டும் என்று போனில் சொன்னாள். அவள் மனதில் இருந்தது ஒரு பூச்செடி. ஆனால் என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். சுலபமான வேலை என்றால் அவருக்குக் கௌரவக் குறைச்சல். சாதாரண மீன் எல்லாரும்தான் வளர்க்கிறார்கள், உப்புத் தண்ணீர் மீன்தான் கஷ்டமாம், அதை வைப்போம் என்றார். நம் வீட்டில் கஷ்டத்துக்கு அப்படி என்ன பஞ்சம் வந்துவிட்டது என்று பழைய நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவது மாதம். ஒரு சாயங்காலம், பிள்ளை அசையவே இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அவரிடம் கேட்டேன். அவர் வேலையிலிருந்து அப்போதுதான் வந்து சட்டைப் பட்டனைக் கழற்றிக்கொண்டிருந்தார். "தூங்குதுபோல. காலையில பாத்துக்கலாம்" என்றார். காலையில் போனோம். இதயத் துடிப்பு இல்லை என்றார்கள். நேற்றே வந்திருந்தால் என்று நான் கேட்டதற்கு, அதைச் சொல்ல முடியாதும்மா என்றார் டாக்டர். என் கணவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு மனிதர் எனக்குச் சமைத்துப் போட்டார், துணி துவைத்தார், கால் பிடித்துவிட்டார். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. நானும் கேட்கவில்லை. அவராக வாயைத் திறப்பாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். திறக்காவிட்டால் இவரோடு ஒரே வீட்டில் எத்தனை காலம் இருக்க முடியும் என்று எனக்கே தெரியவில்லை. இதைக் கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. கோபத்துக்கும் உடம்பில் கொஞ்சம் சூடு வேண்டுமே.

அலங்கார மீன் விற்கும் கடையை ஒரு அம்மா நடத்திக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே மேஜை முழுக்கத் தேடுகிறவர். சமையல் உப்பு ஆகாது, இதற்கென்றே இருக்கிற உப்பை வாளித் தண்ணீரில் கரைக்க வேண்டும், மணலும் கல்லும் போட்டு மோட்டாரை ஓடவிட வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய என் கணவர், மீனை இன்றைக்கே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ஒரு மாசமாவது ஆகும் என்றார் அந்தம்மா. முதலில் கல்லில் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமி வளர வேண்டுமாம். அதற்கு முன்னால் விட்டால் மீனின் கழிவே மீனுக்கு விஷமாகிவிடுமாம். அந்தக் கிருமி வளர்வதற்காக, மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை இரை போடச் சொன்னார்.

அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். காலையில் பேக்கரிக்குக் கிளம்புமுன் இல்லாத மீனுக்கு இரை போடுவேன். பேக்கரியில் எனக்கு கேக்கின் மேல் க்ரீமால் பெயர் எழுதுகிற வேலை. யார் யார் பிள்ளைகளுக்கோ ஒரு வயது முடிந்தது, இரண்டு வயது முடிந்தது என்று வரிசையாக எழுதுவேன், கை நடுங்காது. முதலாளிக்கு அதில் ரொம்பத் திருப்தி. பக்கத்து வீட்டு மாமா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, வெறும் தண்ணீருக்குச் சோறு போட்டு வளர்க்கிற குடும்பத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். என் கணவர் சிரித்தார். எனக்கென்னவோ என் அப்போதைய நிலைமைக்கு அது மிகப் பொருத்தமான வேலையாகவே பட்டது.

கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்பது அவர் வேலை. விஷம் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் மஞ்சள். பச்சையாகவே காட்டிக்கொண்டிருந்த தண்ணீர் ஒருநாள் மஞ்சளானதும் மீன் வாங்கிவந்தோம். ஒரே ஒரு மீன், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துகிடந்தது. சில நாளில் நான் டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே மேலே வர ஆரம்பித்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். சந்தோஷம் வரவில்லை, ஆனால் மறுநாளும் போய் டப்பாவைத் திறந்தேன்.

தொட்டித் தண்ணீர் தானாகக் குறைந்துகொண்டே வந்தது. என் கணவர் கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி, தண்ணீர் அந்தக் கோட்டைவிட்டு இறங்கக்கூடாது என்று வைத்துக்கொண்டார். லிப்ட் தரையோடு தரையாக நிற்க வேண்டும் என்று பார்த்துப் பழகிய கண். வாளியில் உப்புத் தண்ணீர் எப்போதும் கரைத்துத் தயாராக வைத்திருந்து, இறங்கின அளவுக்கு ஊற்றுவார். கடல் மீனுக்குக் கடல் தண்ணீர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஒரு சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து டப்பாவைத் திறந்தேன். மீன் மேலே வரவில்லை. தொட்டி மூலையில் மணலை ஒட்டிச் சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அவர் அப்போதுதான் உள்ளே வந்திருந்தார்.

"என்னங்க, மீன் ஒரு மாதிரியா இருக்கு. அசையவே மாட்டேங்குது. கடைக்காரம்மாவுக்குப் போன் பண்ணலாமா?"

"தூங்குதுபோல" என்றார் சட்டையைக் கழற்றிக்கொண்டே. "காலையில பாத்துக்கலாம்."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் கை இரண்டாவது பட்டனிலேயே நின்றுவிட்டது. முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு கழற்றிய பட்டனை மறுபடி மாட்டிக்கொண்டு போனை எடுத்தார்.

அந்தம்மா கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். தண்ணீர் குறைந்தால் என்ன ஊற்றினீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. இவர் சொன்னார். "ஐயையோ, வெறும் தண்ணிதானேங்க ஆவியாகும்? உப்பு எங்க போகும், அது உள்ளயேதான் கிடக்கும். நீங்க அதுமேலயே இன்னும் உப்பை ஊத்தியிருக்கீங்க" என்றார். கொஞ்சம் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிவிட்டு, உப்பில்லாத நல்ல தண்ணீரைக் குவளை குவளையாக, ரொம்ப நிதானமாக விடச் சொன்னார். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் அதுவே மீனைக் கொன்றுவிடுமாம்.

அவர் மொண்டார், நான் ஊற்றினேன். ஒரு குவளை ஊற்றிவிட்டுக் காத்திருப்போம், பிறகு இன்னொன்று. நடுவில் அவர் தொட்டியைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னைக்கும் இதையேதான் சொன்னேன்."

"ஆமா."

"உடனே கூட்டிட்டுப் போயிருக்கணும்."

பரவாயில்லை என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. "ஆமாங்க, போயிருக்கணும்" என்றேன். சொல்லும்போதே நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றது. அத்தனை மாதம் கழித்து முதல்முறையாக வலித்தது. கோபம் கோபமாக வந்தது. கையிலிருந்த குவளையை அவர்மேல் வீசலாம் போலிருந்தது. வீசவில்லை, அதில் மீனுக்கான தண்ணீர் இருந்தது. அவர் தரையில், கட்டில் கால் தடத்தின் மேலேயே உட்கார்ந்து அழுதார். நான் நின்றுகொண்டே அழுதேன். அழுகையோடு அடுத்த குவளையையும் ஊற்றினேன்.

அவரை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தண்ணீரை ஊற்றி முடித்து, அந்த அறைத் தரையிலேயே இருவரும் படுத்துவிட்டோம்.

விடிந்ததும் நான்தான் முதலில் எழுந்தேன். பயந்துகொண்டே டப்பாவைத் திறந்தேன். மீன் கல்லுக்குப் பின்னாலிருந்து மெதுவாக மேலே வந்தது. அவர் தோளைத் தட்டினேன்.

"எந்திரிங்க" என்றேன். "காலையாயிடுச்சு. வந்து பாருங்க."